பல் ஒன்றை நடுவதற்கு முன்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், எமது கல்லூரியின் பழைய மாணவியான பல் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பல்லைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அக்கா சொன்னதும் சிலர் சிரித்திருப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு சங்கக் கூட்டமும் முடிந்து தேநீர் குடிக்கும்போது, என்னை ஒரு பக்கமாக இழுத்துப்போய் வாயைத் திறந்து காட்டும் அக்காமார் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறீர்கள். சில வருடங்களாக எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “டொக்டர், எனக்கு இம்பிளான்ட் போடலாமா?” தனித்தனியாகச் சொல்லி வந்ததை இன்று ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கலைச்சொல் ஆக்கத்துக்கு உழைத்த சுவாமி விபுலானந்தர் பிறந்த மண் இது. ஆகவே முதலில் சொல்லைப் பார்ப்போம். இம்பிளான்ட் என்பதைப் ‘பல் உள்வைப்பு’ என்று எழுதுகிறோம். என்னிடம் வரும் ஒரு விவசாயி அம்மா ‘நடுகிற பல்’ என்கிறார். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அங்கே நடப்பது நடுகைதான். டைட்டேனியம் என்ற உலோகத்தில் செய்த சிறிய திருகாணி ஒன்றைத் தாடை எலும்பில் நடுகிறோம். அது 4 மில்லிமீற்றர் அளவு தடிப்பும் 10 மில்லிமீற்றர் அளவு நீளமும் இருக்கும். அது பல்லின் வேரைப் போல. எலும்பு அதைப் பிடித்துக்கொண்ட பிறகு மேலே ஓர் இணைப்புத் துண்டும், அதற்கும் மேலே பல்லின் வடிவில் ஒரு தொப்பியும் பொருத்துகிறோம். அந்தத் தொப்பியைக் கிறவுன் என்கிறோம்.

எலும்பு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1952இல் சுவீடன் நாட்டில் பேர்-இங்வார் பிரனேமார்க் என்ற ஆய்வாளர், எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, முயலின் காலெலும்பில் டைட்டேனியத்தில் செய்த சிறு கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் அது வரவில்லை. எலும்பு அதனுடன் ஒட்டி வளர்ந்திருந்தது. 1965இல் யொஸ்ரா லார்சன் என்ற மனிதருடைய கீழ்த்தாடையில் முதன்முதலாக இதைப் பயன்படுத்தினார்கள். அவர் 2006இல் இறக்கும்வரை, 40 வருடங்களுக்கு மேல், அந்தப் பற்கள் அவருக்கு உழைத்தன. ஆகவே இது நேற்று வந்த புதுமை இல்லை. நம் பக்கம் பரவலாகப் பேசப்படுவதுதான் அண்மைக்காலத்தில்.

எங்கள் தலைமுறைக்கும் எங்களுக்கு மூத்த தலைமுறைக்கும் கொடுப்புப் பற்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பது உங்களுக்கே தெரியும். போர்க்காலத்தில் பல்வலி வந்தால் தாங்கிக்கொண்டு இருந்தோம். தாங்க முடியாமல் போனபோது வைத்தியசாலைக்குப் போய்ப் பிடுங்கிவிட்டு வந்தோம். வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற கொழும்புக்கோ பேராதனைக்கோ போக யாரால் முடிந்தது? வீதி திறந்திருந்தால் அல்லவா? அந்தப் பற்களின் இடைவெளிதான் இன்று 50 வயதிலும் 60 வயதிலும் நம்மைத் தேடி வருகிறது. பல் போன இடத்தில் எலும்பு அப்படியே இருப்பதில்லை. பிடுங்கி ஒரு வருடத்துக்குள் அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடலாம். அதில் பெரும் பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே போய்விடும். பக்கத்துப் பற்கள் சாயும். எதிர்ப்பக்கத்துப் பல் இடைவெளியை நோக்கி இறங்கும். 20 வருடத்துக்கு முன் பிடுங்கிய இடத்தில் இன்று பல் நட முடியுமா என்பதற்கு எக்ஸ்றே பார்க்காமல் ஒருவரும் பதில் சொல்ல முடியாது. தேநீர் மேசையில் நான் பதில் சொல்லாமல் நழுவுவதற்கும் காரணம் அதுதான்.

சரி, முதல் நாள் போனால் என்ன நடக்கும்?

முதலில் நிறையக் கேள்வி கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள். சீனி வருத்தம் இருக்கிறதா? கடைசி மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் எவ்வளவு வந்தது? அது 7ஐ ஒட்டி இருந்தால் நாங்கள் துணிந்து தொடங்குவோம். 8ஐத் தாண்டினால், முதலில் சீனியைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்வேன். சீனி கூடியிருந்தால் காயம் ஆறத் தாமதிக்கும், கிருமி பிடிக்கும், எலும்பு திருகாணியைப் பிடிக்காமல் போகலாம். அடுத்தது எலும்புத் தேய்வுக்கான மருந்து. கிழமைக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் குடித்துவிட்டு அரை மணித்தியாலம் படுக்காமல் இருக்கச் சொல்லும் அலென்ட்ரோனேற் குளிசை, வருடத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ போடும் ஊசி, இவற்றை எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அரிதாக என்றாலும், இந்த மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. பல் வைத்தியருக்கும் எலும்பு வருத்தத்துக்குத் தானே காரணம் என்று நினைத்துச் சொல்லாமல் விடுகிறவர்கள் அதிகம். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்ச் சிகிச்சை எடுத்தவர்களும் அதைச் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின், வார்பரின் குடிப்பவர்கள் தாங்களாக நிறுத்திவிட்டு வரக் கூடாது. அதை உங்கள் இருதய வைத்தியரும் பல் வைத்தியரும் பேசி முடிவெடுக்கட்டும்.

பிறகு வெற்றிலை. இதை எங்கள் ஊரில் பேசாமல் விட முடியாது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் போடுகிறவர்களின் வாயில் முரசு ஆறுவது கடினம். நாளடைவில் கன்னத்தின் உட்புறம் இறுகி வாய் திறப்பது குறைந்துபோன பலரை நான் பார்க்கிறேன். மூன்று விரல் நுழையாத வாய்க்குள் திருகாணி நடும் கருவியை எப்படிக் கொண்டுபோவது? அதைவிடப் பெரிய கவலை புற்றுநோய். பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்துவிட்டது. புகையிலை சேராவிட்டால் பரவாயில்லை என்ற ஆறுதலுக்கு இடமில்லை. பல் நட வந்த இடத்தில் வாயில் வெள்ளைத் தழும்பையோ ஆறாத புண்ணையோ கண்டுபிடித்து, நட வேண்டியதைத் தள்ளிவைத்து, முதலில் உயிரைக் காக்க அனுப்பிவைத்த நோயாளிகள் எனக்கு இருக்கிறார்கள். ஆகவே எக்ஸ்றே எடுக்கும் முன் வாய் முழுவதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அடுத்து எக்ஸ்றே. இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி படம் முதலில் வரும். அதன் பின் தேவையானால் முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிரி ஸ்கான். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு கொடுக்கும் நரம்பு ஒன்று ஓடுகிறது. மேல்தாடைக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. திருகாணி நரம்பைத் தொட்டால் உதடு மரத்துப் போகலாம், சிலருக்கு அது நிரந்தரமாகவும் இருக்கலாம். அளந்து பார்த்துத் திட்டமிடுவது இதற்காகத்தான்.

எலும்பின் தன்மையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. எழுவான்கரை மணலில் நட்ட கம்புக்கும் படுவான்கரை வயல் களியில் நட்ட கம்புக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். கீழ்த்தாடையின் முன்பக்கம் களி மாதிரி, இறுகப் பிடிக்கும். மேல்தாடையின் பின்பக்கம் மணல் மாதிரி, பொறுமை வேண்டும். எலும்பு போதாவிட்டால் எலும்புத் துகள் வைத்து நிரப்புவோம். மேல்தாடையில் சைனஸின் அடித்தளத்தை உயர்த்தி அங்கே எலும்பு வைப்பதும் உண்டு. இங்கே ஒரு விடயத்தை எல்லோரும் கேட்டறிய வேண்டும். கடைகளில் வரும் எலும்புத் துகளில் பெரும்பகுதி மாட்டெலும்பிலிருந்து பதப்படுத்தியது. அதை மூடும் சவ்வு பன்றியிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். சைவ உணவுக்காரருக்கும், எங்கள் முஸ்லிம் சகோதரிகளுக்கும் இது சிறிய விடயம் இல்லை. உங்கள் சொந்த எலும்பையோ செயற்கைத் துகளையோ பயன்படுத்த முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நோயாளி கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று வைத்தியர் இருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிடுவது நல்லது.

இனி, நடுகிற நாள். பயப்படுவதற்கு அதிகம் இல்லை. பல் பிடுங்கும்போது போடும் அதே விறைப்பூசிதான். முரசைச் சிறிது கீறி விலக்கி, எலும்பில் சிறு துளையிடுவார்கள். எலும்புக்குச் சூடு ஆகாது. 47 பாகை செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு பாதிக்கப்படும். அதனால் உப்பு நீரைப் பீச்சியபடி மெதுவாகத் துளைப்பார்கள். உங்களுக்கு நோகாது, ஆனால் அதிர்வும் அழுத்தமும் தெரியும், சத்தம் கேட்கும். ஒரு பல்லுக்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை ஆகலாம். பிறகு தையல். “பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் ஒரு நோவா?” என்று ஓர் அக்கா எழுந்து போனார். பலருக்கும் அப்படித்தான். பெரிய கொடுப்புப் பல்லைப் பிடுங்குவதைவிட இலகுவாக இருந்தது என்று சொல்கிறவர்களே அதிகம்.

வீட்டுக்குப் போன பின் இரண்டாம், மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்தில் இருக்கும். முகம் ஒரு பக்கம் பருக்கும், நீலம் பாரிக்கவும் கூடும். முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். அன்று கொப்பளிக்கவும் துப்பவும் வேண்டாம், உறைந்த இரத்தம் கழன்றுவிடும். மறுநாளிலிருந்து இளஞ்சூடான உப்புத் தண்ணீர் போதும். கஞ்சி, குழைந்த சோறு, எங்கள் எருமைத் தயிர், ஆறிய சூப் எல்லாம் நல்லது. கச்சானும் முறுக்கும் வாவி நண்டும் சில காலம் காத்திருக்கட்டும். ஏழு முதல் பத்து நாளில் தையல் பிரிப்போம். நாள் போகப் போக நோவு குறைய வேண்டும். நான்காம் ஐந்தாம் நாளில் நோவு கூடினால், சீழ் வந்தால், காய்ச்சல் காய்ந்தால், மறுநாள் மாலை வரைக்கும் உதடு விறைத்தபடியே இருந்தால் உடனே போய்க் காட்டுங்கள்.

அதன் பிறகுதான் நீண்ட காத்திருப்பு. எலும்பு திருகாணியைப் பிடிக்கக் கீழ்த்தாடையில் ஏறக்குறைய மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் வரை என்பது பழைய கணக்கு. இன்றைய திருகாணிகளில் அது சிலருக்குக் குறையலாம். எலும்பு நிரப்பியிருந்தால் கூடும். அதற்குப் பின் அச்செடுத்துக் கிறவுன் செய்ய மேலும் சில கிழமை. பல் பிடுங்குவதிலிருந்து கடித்துச் சாப்பிடுவது வரை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒரே நாளில் பல்’ என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். எலும்பு நன்றாக இருக்கும் சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் பொருத்துவது உண்மைதான். ஆனால் அது தற்காலிகப் பல். அதனால் கடிக்கக் கூடாது. நிரந்தரப் பல் மாதங்கள் கழித்தே வரும்.

இந்த இடத்தில் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தோழியருக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் நிலைமை எனக்கு விளங்கும். பிரித்தானியாவில் அரச சுகாதார சேவை விசேட நிலைமைகளில் மட்டுமே இதைச் செய்கிறது. கனடாவின் புதிய அரச பல் பராமரிப்புத் திட்டத்தில் இம்பிளான்ட் இல்லை. அங்கே சொந்தக் காசில் செய்ய வேண்டும், ஊரில் செய்தால் செலவு குறைவு. ஆகவே ஓகஸ்ட் விடுமுறையில் மூன்று கிழமைக்கு வந்து, “இதற்குள் முடித்துத் தாருங்கள்” என்கிறீர்கள். ஒரு பழைய மாணவி, வேறொரு நாட்டில், விடுமுறைக் காலத்தில், ஒரே பயணத்தில் நான்கு பற்களைப் பிடுங்கி, நட்டு, கிறவுனும் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். எட்டு மாதத்தில் இரண்டு ஆடின. அவருடைய ஊர் வைத்தியர் கழற்றிப் பார்க்க விரும்பினார். எந்த நிறுவனத்தின் திருகாணி என்று தெரியவில்லை, பொருந்தும் சாவி கிடைக்கவில்லை. கடைசியில் இரண்டையும் எலும்போடு வெட்டி எடுக்க வேண்டி வந்தது. செலவு மூன்று மடங்கானது. அதைவிட, அவர் ஒரு வருடம் ஆட்களோடு சிரித்துப் பேசாமல் இருந்தார் என்பதுதான் எனக்கு மனவருத்தம்.

ஆகவே இரண்டு பயணமாகத் திட்டமிடுங்கள். முதல் பயணத்தின் முதல் நாட்களிலேயே நடுங்கள், தையல் பிரித்துவிட்டுப் புறப்படுங்கள். சைனஸ் உயர்த்தியிருந்தால் இரண்டு கிழமையாவது விமானம் ஏற வேண்டாம். அடுத்த விடுமுறையில் கிறவுன். நட்ட திருகாணியின் நிறுவனம், வகை, அளவு, தொகுதி இலக்கம் எல்லாம் ஒட்டிய சிறு அட்டை ஒன்று கேட்டு வாங்குங்கள். பெட்டியில் வரும் அந்த ஸ்டிக்கரை உங்கள் கடவுச்சீட்டோடு வையுங்கள். புறப்படும் முன், நீங்கள் வாழும் ஊரில் யார் தொடர்ந்து பார்ப்பார் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். இங்கே யாரிடம் போனாலும் அவர் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவு செய்த பல் வைத்தியரா என்று பாருங்கள். இதற்கு எத்தனை பேருக்கு நட்டிருக்கிறார் என்று கேட்பதற்கும் கூச்சம் வேண்டாம்.

இனி, நட வேண்டாம் என்று சொல்லப்படுகிறவர்களைப் பற்றி. வகுப்பில் எங்களைச் சத்தமாக வாசிக்க வைத்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை என்னிடம் வந்தார். கீழ்ப் பற்கள் ஒன்றும் இல்லை. கட்டுப்பல் பேசும்போது எழும்புகிறது, தேவாரம் பாடினால் கழன்று விழுகிறது. வெளிநாட்டிலிருந்து மகன் காசு அனுப்பியிருந்தார், வாய் முழுக்கப் பல் நட வேண்டும் என்று. சீனி மிகக் கூட, எலும்பும் போதாது. “முழுவதும் நட முடியாது டீச்சர்” என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. ஆனால் வேறு வழி இருந்தது. 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்ப் பற்கள் முழுவதும் போனவர்களுக்கு, இரண்டே இரண்டு திருகாணி நட்டு அதில் கட்டுப்பல்லைக் கொளுவிக்கொள்வதே முதல் தெரிவாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். சட்டைக்குப் பொத்தான் பூட்டுவது போல. டீச்சர் ஐந்து மாதம் சீனியைக் கட்டுப்படுத்தினார். முன்பக்கம் இரண்டு நட்டோம். இப்போது பல் எழும்புவதில்லை. இரவில் கழற்றிக் கழுவி வைக்கிறார். மகனுடைய காசில் பெரும்பகுதி மிச்சம்.

எல்லோருக்கும் இம்பிளான்ட் தேவையில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இரு பக்கப் பற்களையும் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ் இருக்கிறது. நன்றாகச் செய்த கட்டுப்பல் இருக்கிறது. கடைசிக் கொடுப்புப் பல் ஒன்று இல்லாமல் நன்றாகச் சாப்பிட முடிந்தால், அதை அப்படியே விடுவதும் ஒரு முடிவுதான். அரசாங்க வைத்தியசாலைகளில் பல் பிடுங்குவதும் நிரப்புவதும் இலவசம். இம்பிளான்ட் பெரும்பாலும் சொந்தக் காசு. மகளின் கலியாணத்துக்குச் சேர்த்ததை உடைத்துப் பல் நட வேண்டும் என்று எந்த வைத்தியரும் சொல்ல மாட்டார். சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

நட்ட பிறகு? நல்லபடியாகத் தெரிவு செய்து, நல்லபடியாக நட்டால், பத்து வருடம் கழிந்தும் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் நிலைத்திருக்கும். நட்ட பல்லைச் சூத்தை பிடிக்காது. ஆனால் முரசு நோய் பிடிக்கும். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் மெல்லிய நார் இருக்கிறது. அது கல் கடித்தால் உடனே சொல்லிவிடும். நட்ட பல்லில் அந்த நார் இல்லை. சோற்றுக் கல்லும் நண்டுக் காலும் கடிபடும்போது அது எச்சரிக்காது. முரசு அழுகினாலும் முதலில் நோகாது. துலக்கும்போது இரத்தம் வந்தால் அதுதான் மணி. பல் இடுக்குத் தூரிகையால் நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்க அது தடையில்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நட்ட பல் எவ்வளவு நல்லதென்றாலும் ஆறு வயதில் முளைக்கும் முதல் கொடுப்புப் பல்லுக்கு ஈடாகாது. அது பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிறது. அதுவும் விழுந்து முளைக்கும் பல் என்று நினைத்துப் பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். இன்று நான் இடைவெளியைப் பார்க்கும் வாய்களில் பெரும்பாலும் காணாமல் போயிருப்பது அந்தப் பல்தான். எமது கல்லூரியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாயை வருடத்துக்கு ஒருமுறை பார்த்து, அந்தப் பல்லின் பள்ளங்களைப் பூச்சிட்டு அடைக்கச் சங்கம் ஒரு நாளை ஒதுக்கட்டும். அந்த நாளுக்கு நான் வருகிறேன், என்னோடு வர இன்னும் மூன்று பழைய மாணவிப் பல் வைத்தியர்கள் சம்மதித்திருக்கிறார்கள். பூச்சு மருந்தின் செலவைத் தூர தேசத்து அக்காமார் பார்த்துக்கொள்வீர்கள் என்ற துணிவில் திகதி குறிக்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.